பிழையான சாண்ட்விக்

பற்றிமாவும் கிறகோரியும் கலியாணம் முடித்து அந்த ஆனி மாதத்தோடு இருபத்தைந்து வருடம். சுவிஸில், எம்மன்புரூக்கேயில் அவர்களுக்குத் தெரிந்த எல்லாரும் வெள்ளிவிழாவுக்கு மண்டபம் எடுத்தவர்கள்தான். நன்றித் திருப்பலி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு, நாலு தட்டுக் கேக். சோலோதுர்னில் இருக்கும் கிறகோரியின் அக்கா யூஜினி தை மாதமே இரண்டு மண்டபங்களைப் போய்ப் பார்த்துவிட்டு, பற்றிமா கட்டப்போகும் சேலையின் நிறத்தையும் முடிவுசெய்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து தேநீர் ஊற்றும்போது பற்றிமா சொன்னாள்.

“மச்சாள், மண்டபம் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் நோர்வேக்குப் போறம்.”

யூஜினி கோப்பையைக் கீழே வைத்தார். “நோர்வேயில ஆருக்குக் கலியாணம்?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்ப ஆர் வீட்டை போறியள்?”

“ஒருத்தர் வீட்டையும் இல்லை. வடக்கில, கடற்கரைப் பக்கம். அங்க எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இல்லை.”

“தெரிஞ்ச ஆக்கள் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறது?”

“அதுக்குத்தான் மச்சாள்.”

யூஜினி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கிறகோரி தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது புதுச் செய்திதான். ஆனால் பற்றிமா தனக்கென்று ஒன்றைக் கேட்டு அவன் கண்டதில்லை. “ஓம் அக்கா, போறம்” என்றான்.

அவர்கள் ஊருலகம் பார்க்காதவர்கள் அல்ல. ரொறன்ரோவுக்கு ஒரு கலியாணம், லண்டனுக்குத் திருமுழுக்கு, பாரிசுக்கு ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீடு, லூர்து மாதாவிடம் பஸ்ஸில் நாலு தரம். போன வீடுகளில் எல்லாம் வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுத்து, குசினியில் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரொறன்ரோ என்றால் பற்றிமாவுக்கு ஞாபகம் வருவது ஒரு நிலக்கீழ்ச் சமையலறையின் ரியூப் லைட்.

லுசேர்ணில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசைகள் அவளுடைய பொறுப்பு. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் யன்னலோரம் இருந்து மலையைப் பார்த்துக்கொண்டு, முட்டையை ஆறவிட்டுவிடுவார்கள். அவள் அந்த முட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். மாரியில் ஒரு நாள் யாரோ ஒரு பயணி மேசையில் ஒரு சஞ்சிகையை விட்டுப் போயிருந்தார். அதில் நோர்வேயின் வடகரை இருந்தது. வெள்ளை மணல், பச்சைக் கண்ணாடி போலக் கடல், கடலுக்குள்ளிருந்தே எழும்பி நிற்கும் மலை. படத்தில் ஒரு மனிதரும் இல்லை. அந்த இடத்தில் நின்றால் காதுக்கு என்ன கேட்கும் என்று பற்றிமா யோசித்தாள். அந்த யோசனை பல நாட்களாகியும் அவளை விட்டுப் போகவில்லை.

மகள் மிஷெல் உதவிசெய்ய வந்தபோது, “வேண்டாம் பிள்ளை, நானே செய்யிறன்” என்று சொல்லி, கைபேசியில் எல்லாவற்றையும் அவளே பதிவுசெய்தாள். சஞ்சிகையில் இருந்த ஊரின் பெயர் சாண்ட்விக். நீண்ட வெள்ளைக் கடற்கரையில் மூன்று சிவப்பு வீடுகள். வரைபடத்தை மூன்று தரம் பார்த்து, வழியில் கப்பல் ஏறத் தேவையில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டாள்.

அதற்குக் காரணம் கிறகோரி. அவன் பேசாலைக்காரன். தொண்ணூறாம் ஆண்டு, இருபத்தொரு வயதில், போருக்குத் தப்பி, மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறினான். இருபது பேர் ஏறக்கூடிய படகில் நாற்பத்தாறு பேர். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. விடியும்வரை தண்ணீரை இறைத்தபடியே இருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை, எல்லாரும் கரைசேர்ந்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவன் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. லுசேர்ணில் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறான். ஏரிக் கப்பல்துறைக்கு முன்னால் நாளுக்கு நூறு பேரை இறக்கிவிடுகிறான். சின்ன வயதில் மிஷெல் கப்பலில் போக வேண்டும் என்று அழுதபோது பற்றிமாதான் கூட்டிப்போனாள். அவன் கரையில் நின்று கைகாட்டினான். வீட்டில் ஒருவரும் இதைப்பற்றிக் கதைப்பதில்லை.

ஆனி நடுப்பகுதியில் வெளிக்கிட்டார்கள். சூரிச்சிலிருந்து ஒஸ்லோ, ஒஸ்லோவிலிருந்து பூடோ, அங்கிருந்து வாடகைக் கார். பெட்டியில் பாதிக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும். மழை விடாமல் பெய்தது. மலைகளின் கழுத்திலிருந்து அருவிகள் நூல் நூலாக இறங்கின. கிறகோரி உற்சாகமாக ஓட்டினான்.

“இஞ்ச பாரும், அரை மணித்தியாலமா எதிரில ஒரு வாகனம் இல்லை. ஒரு சிக்னல் இல்லை. எனக்கு இஞ்ச ஒரு பஸ் தரச்சொல்லும்.”

“ஏறுறதுக்கு ஆக்கள் வேணுமெல்லே” என்றாள் பற்றிமா.

மாலை ஆறு மணிக்கு, வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்று கார் சொன்னது. பற்றிமா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். சிவப்பு வீடுகள் இல்லை. ஒரு மஞ்சள் வீடு, அதோடு ஒரு கொட்டில், வேலிக்குள் நனைந்துகொண்டு நிற்கும் செம்மறி ஆடுகள். கடற்கரை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பாறையும் சேறும் கடற்பாசியும் கிடந்தன.

மஞ்சள் மழை அங்கி போட்ட ஒரு பெண் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். பெயர் மாரித். பத்து வருடம் ஹாம்பூர்க்கில் தாதியாக வேலைசெய்தவர் என்பதால் நல்ல ஜெர்மன் பேசினார். பற்றிமா கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். மாரித் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“இது சாண்ட்விக்தான். ஆனால் நீங்கள் தேடுவது மற்றச் சாண்ட்விக். எங்கள் நாட்டில் மணலும் குடாவும் சேர்ந்த இடத்துக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் யாராவது இப்படி வந்து நிற்பார்கள். நீங்கள் பதிவுசெய்தது என் வீட்டைத்தான், வாருங்கள், அடுப்பு எரிகிறது.”

“மற்றது எவ்வளவு தூரம்?” என்று கேட்டான் கிறகோரி.

“கப்பலில் போனால் ஒன்றரை மணி நேரம். வீதியால் சுற்றிப் போனால் ஏழு மணி நேரம்.”

கிறகோரி பெட்டிகளை இறக்கினான். அறைக்குள் வந்ததும் பற்றிமா கட்டிலில் இருந்துவிட்டாள். முந்நூறு பேரின் விருந்தை வேண்டாம் என்று சொல்லி, மூன்று விமானநிலையம் தாண்டி வந்து, ஆட்டுப் புழுக்கைக்கு முன்னால் நிற்கிறோம். மச்சாள் கேட்டால் என்ன சொல்வது?

“என்ர பிழை” என்றாள். “பேரைப் பாத்தன், ஊரைப் பாக்கேல்லை.”

கிறகோரி ரைஸ் குக்கரை வெளியே எடுத்து அரிசியை அளந்துகொண்டிருந்தான். “இருபத்திரண்டு வருசமா பஸ் ஓட்டுறன். ஒருநாளும் ஆக்களைப் பிழையான தரிப்பிடத்தில இறக்கினது இல்லை. இண்டைக்குத்தான் இறக்கிப்போட்டன்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. “சாப்பிட்டுப்போட்டுப் படும். விடிய வெளிக்கிடுவம். ஏழு மணித்தியாலம் ஓட்டுறது எனக்கு ஒரு வேலையோ?”

“கப்பலில ஒண்டரை மணித்தியாலம்” என்று அவள் வாய் தவறிச் சொன்னாள். அவன் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. “இல்லை, இல்லை, றோட்டாலேயே போவம்” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

காலையில் அவள் கதவைத் திறந்தபோது மழை போயிருந்தது. நேற்றுச் சாம்பல் சுவராக இருந்த இடத்தில் கடல் இருந்தது. கடல் நிறையத் தீவுகள், சில ஒரு வீட்டளவு, சில ஒரு ஊரளவு. அவற்றுக்குப் பின்னால் உச்சியில் இன்னும் பனி உருகாத மலைகள் வரிசையாக நின்றன. தண்ணீர் கொஞ்சமும் அசையவில்லை. பற்றிமா படியில் நின்று கேட்டாள். பாறையில் ஒட்டியிருந்த கடற்பாசியிலிருந்து நீர் சொட்டும் சத்தம். ஒரு ஆடு புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம். வேறொன்றும் இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

கிறகோரி பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாரித் வந்தார். முகத்தில் ஒரு தயக்கம்.

“போகிறவர்களிடம் கேட்கக்கூடாதுதான். ஒவ்வொரு கோடைக்கும் ஆடுகளை எதிரே தெரிகிற அந்தத் தீவில் மேயக் கொண்டுபோய் விடுவேன். இன்றைக்குக் கடல் நல்லாக இருக்கிறது. ஆனால் உதவிக்கு வரும் அண்ணன் மகன் நேற்று விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஒரு மணி நேரம் உதவுவீர்களா? ஏற்றிவிட்டால் போதும்.”

“ஏழு மணித்தியாலம் கிடக்கு…” என்று கிறகோரி தொடங்கினான். ஆனால் பற்றிமா அதற்குள் கொட்டில் வாசலில் கிடந்த ரப்பர் சப்பாத்துகளில் தன் காலுக்கு அளவானதைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

படகு தட்டையான அலுமினியப் படகு. முன்பக்கத்தைப் பலகை போல இறக்கிவைத்தால் ஆடுகள் நடந்தே ஏறலாம். தாய் ஆடுகள் பதினொன்று, குட்டிகள் பத்தொன்பது. முதல் ஆடு ஏறியது. இரண்டாவது வாசலிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்தவை முட்டிமோதின. கரையில் நின்ற கிறகோரிக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தினமும் மாலை ஐந்து மணி நெரிசலில் சொல்வதை அப்படியே ஜெர்மனில் சொன்னான்.

“தயவுசெய்து உள்ளே போங்கள்! பின்னால் நிறைய இடமிருக்கிறது! வாசலை மறிக்க வேண்டாம்!”

ஆடுகள் உள்ளே போயின. மாரித் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து குனிந்து சிரித்தார். “லுசேர்ண் சனத்தை விட இதுகள் சொன்னது கேட்குதுகள்” என்றான் கிறகோரி, பெருமையை மறைக்க முடியாமல்.

பற்றிமாவும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினாள். அவன் கரையில் நின்று கைகாட்டினான். படகு போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம். அங்கே பலகையை இறக்கியதும் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் துள்ளி ஏறின. பற்றிமா எண்ணினாள். குட்டிகள் பதினெட்டு. திரும்பவும் எண்ணினாள். பதினெட்டுத்தான். நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒரு தாய் ஆடு திரும்பி வந்து, தண்ணீர் ஓரத்தில் நின்று, வந்த கரையைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. ஒரு காலைத் தண்ணீரிலும் வைத்துவிட்டது. பற்றிமா ஓடிப்போய் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கிறகோரிக்கு அழைப்பெடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, ஒரு குட்டி குறையுது. தாய் கடலுக்குள்ள இறங்கப் பாக்குது. அங்க எங்கயேன் நிக்குதோ பாருங்கோ!”

கிறகோரி தேடினான். கொட்டிலின் பின்னால், விறகு அடுக்குக்கும் சுவருக்கும் இடையில், அது ஒடுங்கிக்கொண்டு நின்றது. பிறந்து ஆறு கிழமைகூட இருக்காது. அவன் அதை இழுத்து எடுத்து நெஞ்சோடு அணைத்தான். அதன் இதயம் அவன் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது.

மாரித் தனியாகப் படகில் திரும்பி வந்தார். பற்றிமா தாய் ஆட்டைப் பிடித்தபடி தீவிலேயே நின்றாள். மாரித் குட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“நான் படகை ஓட்ட வேண்டும். இது சும்மா நிற்காது, பாய்ந்துவிடும். காலைக் கட்டிப் போடலாம். ஆனால் வழி முழுக்கப் பயத்தில் துடித்துக்கொண்டு வரும். நீங்கள் பிடித்துக்கொண்டு வருவீர்களா?”

கிறகோரி தண்ணீரைப் பார்த்தான். தூரத்திலிருந்து தாயின் குரல் கேட்டது. கையிலிருந்த குட்டி அந்தக் குரலுக்குப் பதில் கத்தியது, உடம்பு முழுவதும் குலுங்க. ‘கட்டிப் போடுங்கள்’ என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பிறகு குனிந்து குட்டியின் மெல்லிய கால்களைப் பார்த்தான்.

“ஜாக்கெட்டைத் தாருங்கள்” என்றான்.

படகுத் தட்டில் இருந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். எஞ்சின் கிளம்பியது. ‘அருள் நிறைந்த மரியே’யைத் தொடங்கி, பாதியில் விட்டு, திரும்பவும் முதலிலிருந்து சொன்னான். எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அவன் முதுகு விறைத்தது. மூன்றாவது தரம் சொல்லும்போது குட்டி அவனுடைய சுண்டுவிரலை வாய்க்குள் இழுத்துச் சப்பத் தொடங்கியது. சூடான, சொரசொரப்பான நாக்கு. அவனுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தபோது கண் திறந்துவிட்டது.

தண்ணீர் அடிமட்டும் தெரிந்தது. வெள்ளை மணலில் படகின் நிழல் அவர்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. ஒரு வாத்து தன் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கியது. தலைக்கு மேலே, கதவு போல அகன்ற சிறகோடு ஒரு பறவை மெதுவாகப் போனது.

“கடற்கழுகு” என்றார் மாரித். “குட்டியை மூடிக்கொள்ளுங்கள்.”

கிறகோரி ஜாக்கெட்டை விரித்து அதைப் போர்த்தினான். அதற்குப் பிறகு கண்ணை மூட அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

தீவில் நின்ற பற்றிமாவுக்கு முதலில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்று மாரித். மற்றது யார் என்று அவள் யோசித்தாள். அண்ணன் மகன் வந்துவிட்டானா? படகு கிட்ட வர வர, அந்த வழுக்கைத் தலையை அவள் அடையாளம் கண்டாள். கொம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தாய் ஆடு திமிறிக்கொண்டு கரைக்கு ஓடியது.

கிறகோரி பலகையை இறக்கும்வரை நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் சப்பாத்தோடு குதித்து, குட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துவந்து கரையில் விட்டான். அது தாயின் மடிக்குப் பாய்ந்தது. தாய் ஆடு குட்டியை ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து, கிறகோரியின் தொடையில் பலமாக ஒரு முட்டு முட்டியது. அவன் அப்படியே பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இருந்துவிட்டான்.

“என்ர மாதாவே! கொண்டுவந்து தந்ததுக்கு இதோ கூலி?” என்று கத்தினான்.

பற்றிமா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாறையில் இருந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அவன் எப்போது கடைசியாகக் கண்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. கழுத்துவரை நனைந்து, தண்ணீருக்குள்ளேயே இருந்தபடி அவனும் சிரித்தான். பிறகு அவள் இறங்கிவந்து கைகொடுத்துத் தூக்கினாள். கைபிடித்தவள் விடவில்லை.

“வந்திட்டியள்” என்றாள்.

“ஓம்” என்றான். “குளிருது.”

மாரித் படகைக் கட்டிவிட்டுத் தீவின் நடுவிலிருந்த மேட்டைக் காட்டினார். “அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும். போய்க் காயுங்கள். எங்கள் சாண்ட்விக்கின் மணலும் அங்கேதான் இருக்கிறது.”

அவர்கள் மேட்டில் ஏறினார்கள். காலுக்குக் கீழே புல்லோடு சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். உச்சிக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள். கீழே பிறை வடிவில் ஒரு குடா. மாவைச் சலித்துக் கொட்டியதுபோல மணல். அதில் ஒரு காலடியும் இல்லை, பறவைகளின் சின்னக் கோடுகள் மட்டும். கரையோரம் பச்சையாகத் தொடங்கிய தண்ணீர் தள்ளிப் போகப் போக நீலமாகி, கடைசியில் மலைகளின் காலடியில் கறுத்தது. கிறகோரி நனைந்த சட்டையைக் கழற்றிப் பாறையில் விரித்தான். இருவரும் மணலில் மல்லாந்து படுத்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கிறகோரி, “அண்டைக்கு இறைச்ச வாளி பச்சை நிறம். பிடி உடைஞ்சு போச்சு. கையாலதான் இறைச்சனாங்கள்” என்றான்.

இத்தனை வருடத்தில் அந்த இரவைப்பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை அது. பற்றிமா அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் சொல்லிக்கொண்டே போனான். பக்கத்தில் இருந்தவர், கைக்குழந்தையை வைத்திருந்த பெண், விடிய அவள் எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்த பிஸ்கட் பெட்டி. பிஸ்கட் உப்பாக இருந்ததாம். அந்த இடத்துக்கு வந்தபோது அவனே சிரித்துவிட்டான்.

மற்றச் சாண்ட்விக்குக்கு அவர்கள் போகவேயில்லை. ஒரு கிழமையும் மஞ்சள் வீட்டிலேயே நின்றார்கள். ஒவ்வொரு நாளும் மாரித் வேறொரு தீவுக்குக் கூட்டிப்போனார். ஒன்றில் கடல்நாய்கள் பாறையில் வெயில் காய்ந்தன. இன்னொன்றில் வெள்ளை நாடா போல மெல்லிய அருவி ஒன்று நேரே கடலுக்குள் விழுந்தது. மூன்றாம் நாள் மாரித் சுக்கானைக் கிறகோரியிடம் கொடுத்துவிட்டுக் கோப்பி குடித்தார். அவன் அதை பஸ்ஸைத் திருப்புகிற மாதிரியே அகலமாகத் திருப்பினான்.

திருமண நாளன்று மதியம், தீவின் மணலில், விறகு மூட்டி பற்றிமா சமைத்தாள். மாரித் பிடித்துவந்த கொட் மீனில் குழம்பு, வெள்ளைச் சோறு. மாரித்துக்கு வியர்த்து ஒழுகியது, ஆனாலும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். மிஷெல் வீடியோவில் அழைத்தாள்.

“அம்மா, இது எங்க? அப்பா எங்க நிக்கிறார்?”

“தீவில பிள்ளை.”

“தீவிலயோ? எப்பிடி வந்தவர்?”

“படகில. அப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தவர்.”

மிஷெல் அழுவது தெரிந்தது, அழுதுகொண்டே சிரிப்பதும் தெரிந்தது. கிறகோரி கைபேசியை வாங்கி, “என்னத்துக்கு அழுறாய்? இஞ்ச பார், ஆடு” என்று குட்டியைக் காட்டினான். அந்தக் குட்டி இப்போது அவனைக் கண்டால் ஓடிவரும். தாய் மட்டும் இன்னும் தலையைக் குனிந்து முறைத்தது.

கடைசி நாள் காலை, பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகு, கிறகோரி மாரித்திடம் கேட்டான்.

“ஆடுகளை எப்போது திரும்பக் கொண்டுவருவீர்கள்?”

“செப்டெம்பர் கடைசியில். அப்போது அவை கொழுத்து, பிடிவாதம் பிடித்துப்போய் நிற்கும். பிடிப்பதற்கு மூன்று பேராவது வேண்டும்.”

அவன் தலையாட்டிவிட்டு, கைபேசியில் ஏதோ எழுதத் தொடங்கினான். பற்றிமா எட்டிப் பார்த்தாள்.

“என்ன செய்யிறியள்?”

“டிப்போவுக்கு எழுதுறன். செப்டெம்பரில ஒரு கிழமை லீவு.”

“எனக்கும் ஹோட்டலில கேக்க வேணும். பொறுங்கோ.”

அவள் கைப்பையில் தன் கைபேசியைத் தேடினாள். இருவரும் காரின் முன்னால் நின்று, வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். மாரித் அவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல், செப்டெம்பருக்கு எத்தனை பேருக்குக் கட்டில் போட வேண்டும் என்று பார்க்க வீட்டுக்குள் போனார்.